க்ளைவின் காதில் என் விண்ணப்பம்

மார்ச் 6, வியாழன்

"அந்த விண்ணப்பம் என்னுடையது" என்று இன்று நான் சொல்லவில்லை.

சொல்லப் பார்த்தேன். நிகழ்ச்சி நிரலில் ஆறாவது பொருளாக, உறுப்பினராகச் சேர விண்ணப்பித்த டெக்வென் என்று என் பெயர் வந்ததும் கை தூக்கினேன். தலைவி மோர்விட் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "மொழிபெயர்க்க வந்தவங்க கூட்டத்துல பேசக் கூடாது கண்ணு. நம்ம விதி." அதையும் என் வேலைப்படி மைக்கில் ஆங்கிலத்தில் சொன்னேன்.

வெல்ஷ் மொழிபெயர்ப்பாளர் சங்கத்தின் ஆட்சிக்குழுவில் ஐந்து பேர். பொருளாளர் க்ளைவுக்கு மட்டும் வெல்ஷ் தெரியாது. வழக்கமாக வருகிறவருக்குத் தொண்டை கட்டிவிட்டதால் ஏஜென்சி என்னை அனுப்பியது. மூலையில் மைக்கோடு நான். க்ளைவின் தலையில் ஹெட்போன். மற்ற நால்வருக்கும் நான் தேவையில்லை. என் முகமும் தெரியாது, பெயரையும் யாரும் கேட்கவில்லை — சங்கத் தேர்வுத் தாளில் எண் மட்டும்தானே.

பேசுபவர் "நான்" என்றால் நாமும் "நான்" என்றே சொல்ல வேண்டும். அது தொழில் மரபு. ஆகவே மோர்விட்டுக்காக நானே சொன்னேன்: "எனக்கு இந்த டெக்வென் மேல நம்பிக்கை இல்ல. பரீட்சை பாஸ் பண்ணிட்டா, சரி. நெருக்கடி வந்தா தாங்குவாளா? குரல் நடுங்கிடும்."

நடுங்கவில்லை. அடுத்த வாக்கியத்துக்குப் போனேன்.

க்ளைவ் கேட்டார்: "அந்தப் பொண்ணு வேலை செஞ்சு யாராவது கேட்டிருக்கீங்களா?"

யாருமில்லை. "கேக்காமலே தெரியும்" என்றார் மோர்விட். முடிவு தள்ளிவைப்பு.

உறுப்பினராகாவிட்டால் மாவட்ட மன்றங்கள் என்னை அழைக்காது. கல்யாண வீடுகளுக்கும் ஆட்டுச் சந்தைக்குமே போய்க்கொண்டிருக்க வேண்டும்.

மார்ச் 7

தூக்கமில்லை. மைக்கில் இருந்தது நான்தான் என்று செயலாளர் இஸ்லவினுக்கு எழுதிச் சொல்லிவிட்டேன்.

மார்ச் 11

இஸ்லவின் போன் செய்தார். "அடிப்பாவி, நீயா அது? ஏன்மா சொல்லல?"

"கை தூக்கினேனே சார்."

"கூட்டக் குறிப்புல அப்படி எதுவும் இல்லையே!"

உறுப்பினரல்லாதவர் மொழிபெயர்த்ததால் கூட்டமே செல்லாதாம். மறுபடி நடக்கும். இந்த முறை ஆபத்தே வேண்டாமென்று தலைவியே மைக்கில் உட்காருவாராம். கடைசியாக எப்போது உட்கார்ந்தார் என்று கேட்க நாக்கு துடித்தது.

ஏப்ரல் 3

இஸ்லவின் வரச் சொன்னதால் நடைக்கூடத்து நாற்காலியில் நான். கதவு சரியாகச் சாத்தவில்லை. மோர்விட் பேசவும் வேண்டும், பேசியதை மொழிபெயர்க்கவும் வேண்டும். தன் வாக்கியத்தையே துரத்தித் திணறிக்கொண்டிருந்தார்.

க்ளைவின் குரல்: "மேடம், பாதிய முழுங்கிடறீங்க. போன தடவை வந்துச்சே, அந்தப் பொண்ணு எங்க?"

"வெளிய உக்காந்திருக்கு" — இஸ்லவின். "இப்ப பேசறது அதோட விண்ணப்பம்தான்."

கரண்டி ஒன்று கோப்பையில் மோதியது.

"இருங்க. 'குரல் நடுங்கிடும்'னு என் காதுல சொன்னதே அவதானா?" க்ளைவ் சிரித்தார். "அப்ப நான் கேட்டிருக்கேன். இந்த ரூம்ல நான் ஒருத்தன்தான் கேட்டிருக்கேன்."

"சரியா சொன்னாளான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் மோர்விட்.

"நீங்க அவளைத் திட்டினது எனக்குப் புரிஞ்சுதே மேடம்."

மூன்றுக்கு இரண்டு. சேர்த்துக்கொண்டார்கள்.

ஜூன் 5

உறுப்பினர்கள் சங்கக் கூட்டங்களுக்கு இலவசமாக மொழிபெயர்க்க வேண்டும் என்றொரு விதி இருக்கிறது. இன்று என் முறை. நான்காவது பொருள், பாங்கோரிலிருந்து ஒரு பையனின் விண்ணப்பம். மோர்விட் பேசினார். "எனக்கு இந்தப் பையன் மேல நம்பிக்கை இல்ல" என்று க்ளைவின் காதில் சொன்னேன்.