நீலக் கேன், வெள்ளைக் கேன்

2.8.2003, சனி

காலையிலிருந்து தூறல், ரப்பர் மரமெல்லாம் ஈரம். பால் வெட்டில்லை. தோட்டத்துத் துரை கொழும்புக்குப் போய்விட்டார், பத்து நாள். பங்களாவில் சமைக்கிற நானும், கூட்டித் துடைக்கிற லெச்சுமியும். அப்புறம் முன் அறையில் கண்ணாடித் தொட்டிக்குள்ளே கடல்.

துரை சொன்னது, மறக்காமல் இருக்க:
நீல விளக்கு காலை 9, அணைப்பது 6.
சூடு 26. கூடினால் தொட்டிமேல் காற்றாடி.
தண்ணீர் இறங்கினால் நீலக் கேன். வடிகட்டின நல்ல தண்ணீர்.
வெள்ளைக் கேன் உப்புத் தண்ணீர். தொடாதே.
உப்பு பார்க்கிற மிதவையில் கட்டின சிவப்பு நூல் சரியாகத் தண்ணீர் மட்டத்தில்.

லெச்சுமி பக்கத்தில் நின்று கேட்டுத் தலையாட்டினாள். நான் ஆட்டவில்லை. சமையலுக்கு வரும் முன் ரப்பர் ஸ்டோரில் பத்தொன்பது வருடம் மிதவை பிடித்தவன். எனக்கா?

தொட்டிக்குள் இருக்கிற பவளத்தைக் கல் என்று நினைத்திருந்தேன். உயிராம். மூளை மாதிரி மடிப்பு மடிப்பாய்ப் பச்சை, அதற்குப் பேர் கணக்கப்பிள்ளை என்று வைத்தேன். விரல் விரலாய் ஆட்டுவது நோனா, அதுதான் சிங்கள அம்மா. காளான் மாதிரி இருப்பது தொப்பிக்காரர். லெச்சுமிகூடச் சிரித்தாள்.

பின்னேரம் றக்வானை பஸ். தங்கச்சி மகளுக்குச் சடங்கு. துரைக்குச் சொல்லவில்லை.

5.8, செவ்வாய்

வந்தேன். வயிறு இன்னும் நிறைவு. மழை விட்டு வெயில்.

தொட்டியில் தண்ணீர் இரண்டு விரல் குறைவு. நான் போட்டுவிட்டுப் போன காற்றாடி மூன்று நாளாக ஓடியபடியே. மிதவையைப் போட்டேன். நூல் மட்டத்தில் இல்லை, மேலே வந்து நிற்கிறது.

ஸ்டோரில் இது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். நல்ல பாலில் மிதவை தாழும். தண்ணீர் கலந்த பாலில் மேலே வரும். அப்படியென்றால் இதிலும் யாரோ தண்ணீர் கலந்திருக்கிறார்கள். தொட்டியடியில் தரை ஈரம் வேறு. சிந்திவிட்டுக் குழாய்த் தண்ணீரை ஊற்றி மறைத்திருக்கிறாள், அதுவும் அரைகுறையாக.

"என்னாடி லெச்சுமி, தொட்டியிலயும் தண்ணி கலந்துட்டியா? புருசன் தொழிலு விடலையா?"

"நான் தொடவே இல்லண்ணே. தொடாதேன்னு நீங்கதானே சொல்லிட்டுப் போனீங்க. மீனுக்குத் தீனி மட்டும் போட்டேன். தரை தொடைச்ச ஈரம் அது."

"மிதவை பொய் சொல்லாது."

"கொறைஞ்சா நீலக் கேன்ல இருந்து ஊத்தச் சொன்னாரே தொர?"

"ஓ, தொரைக்கே படிச்சுக் குடுப்பா இவ."

குறைந்த உப்பைக் கூட்ட, வெள்ளைக் கேனிலிருந்து இரண்டு வாளி ஊற்றினேன். துரையின் உப்புப் பையிலிருந்தும் இரண்டு பிடி.

7.8, வியாழன்

மிதவை இன்னும் மேலே. இன்னும் தண்ணீர் விடுகிறாளா? இன்னும் இரண்டு பிடி உப்பு. தொட்டி விளிம்பெல்லாம் வெள்ளையாய்ப் பூத்துக் கிடக்கிறது. துடைத்தேன்.

நோனா விரலை உள்ளே இழுத்துக்கொண்டாள். தொப்பிக்காரர் சுருங்கிப் பாக்கு அளவு. கணக்கப்பிள்ளையின் ஓரம் வெளுக்கிறது.

சமையல்: பலாக்காய், கருவாடு.

11.8, திங்கள்

துரை வந்தார். பையை வைக்கும் முன்னமே தொட்டிக்குப் போனார்.

"மொக்கத மே ராமையா? என்னாது இது, என்னா செஞ்ச இதுக்கு?"

கணக்கப்பிள்ளை முழு வெள்ளை. தோல் உரிந்து எலும்பு தெரிகிற மாதிரி. ஒரு நாற்றமும்.

வாய் தானாக வந்தது. "நான் இல்லீங்க தொரை. லெச்சுமி தண்ணி கலந்துட்டா. அந்தக் குடும்பத்துக்கு அது கைவந்த வேலைங்க."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "நாளையிலிருந்து அவ பங்களாவுக்கு வேணாம். மலைக்குப் பால் வெட்டப் போகச் சொல்லு."

நான்தான் போய்ச் சொன்னேன். அவள் துடைத்த துணியைப் பிழிந்து கம்பியில் போட்டுவிட்டுப் போனாள்.

12.8, செவ்வாய்

காலைப் பெரட்டில், எல்லாரையும் நிறுத்தி வேலைக்குப் பேர் போடும்போது, கங்காணி கத்தினார்: "தண்ணி லெச்சுமி, ஏழாம் நம்பர் மலை!" எல்லாரும் சிரித்தார்கள். நானும். அந்தப் பேர் நான் வைத்தது. ஆறு வருடம் முன் அவள் புருசன் மாரிமுத்து கொண்டுவந்த பாலில் மிதவை மேலே வந்தபோது, வாளியோடு தூக்கி எல்லாருக்கும் காட்டியது நான். "மழைத் தண்ணி விழுந்துருச்சுண்ணே" என்றான். மழையும் பெய்ததுதான். யார் கேட்டது? அவன் தோட்டத்தை விட்டே போனான். இவளையும் பிள்ளையையும் விட்டு.

பத்து மணிக்குத் துரை மிதவையைப் போட்டுப் பார்த்தார். தலையில் கை வைத்தார்.

"இவ்வளவு உப்பு! கடல்லயும் இவ்வளவு இல்ல. ராமையா, இங்க பாரு. நூல் மேல வந்தா உப்பு கூட. கீழ போனா உப்பு கொறவு."

"தொரை, ஸ்டோர்ல..."

"அது பால். பால் தண்ணியை விட லேசு, அதுல தண்ணி கலந்தாத்தான் மேல வரும். உப்புத் தண்ணி கனம், தூக்கிவிடும். நல்ல தண்ணி மட்டுந்தான் ஆவியாப் போகும். உப்பு உள்ளயே நிக்கும். அதுக்குத்தான் நீலக் கேன்."

மூன்று நாள் காற்றாடி. நான் சடங்குச் சோறு தின்றுகொண்டிருந்தேன்.

"அந்தப் பொம்பள உப்பும் போட்டாளா?"

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "தெரியலீங்க" என்றேன்.

13.8, புதன்

தினம் ஒரு வாளி எடுத்து, நல்ல தண்ணீர் ஒரு வாளி. துரை சொல்கிறார், ஒரேயடியாகக் குறைத்தால் மிச்சம் இருப்பதும் செத்துப்போகும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான்.

கணக்கப்பிள்ளையின் வெள்ளைக் கல்லைக் குப்பையில் போடச் சொன்னார். போட முடியவில்லை. குசினி ஜன்னலில் வைத்தேன். பார்க்கவும் முடியவில்லை. சாக்கைப் போட்டு மூடினேன்.

யாரையும் கேலி பண்ணவில்லை இன்று. மாட்டுப் பால்காரன் கேட்டான், "காய்ச்சலாண்ணே?"

14.8, வியாழன்

தேங்காய் வாங்கப் போகிற சாக்கில் ஏழாம் நம்பர் மலைப் பக்கம். வழுக்குப் பாறை, அட்டை. லெச்சுமி வாளி தூக்கி இறங்குகிறாள், கால் முட்டியில் துணிக்கட்டு. போன வருடம் விழுந்த கால். அதனால்தான் பங்களா வேலைக்கு வந்தவள். எனக்குத் தெரியாதா? தெரியும்.

என்னைக் கண்டதும் வாளியை என் பக்கம் நீட்டினாள்.

"பாருங்கண்ணே. மிதவை கொண்டாந்தீங்களா?"

தேங்காய் வாங்காமலே திரும்பினேன்.

15.8, வெள்ளி

துரையிடம் சொல்லிவிட்டேன். உப்பு, வெள்ளைக் கேன், றக்வானை, எல்லாம். அவர் பேப்பரை மடித்தார். "செத்த பவளம் எனக்குப் பெரிசில்ல ராமையா" என்றார். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம். லெச்சுமி திங்களிலிருந்து வரட்டும் என்றார்.

ஓட்டமாய் அவள் குடியிருக்கிற லயத்துக்குப் போனேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"தொரைக்கிட்ட சொல்லிட்டேன் தங்கச்சி. தப்பு என் மேலதான். திங்கக்கெழம வந்துரு."

"தொரை சிரிக்கலையே அண்ணே என்னைப் பாத்து."

"அப்புறம்?"

"பெரட்டுல சிரிச்சாங்க. எம் மகன் பள்ளிக்கூடத்துலயும் அந்தப் பேருதான். பெரட்டுல சொல்லுங்க. அப்புறம் வர்றதைப் பாக்கலாம்."

தொட்டி: சூடு 26. நூல் மட்டத்துக்கு அரை விரல் மேலே. நோனா ஒரு விரலை மட்டும் வெளியே விட்டிருக்கிறாள்.

16.8, சனி

மேகம் இறங்கிக் கிடந்தது. பெரட்டுக் களத்தில் நாற்பது ஐம்பது பேர். கங்காணி பேர் கூப்பிடும் முன் நடுவில் போய் நின்றேன்.

"பங்களாத் தொட்டியில தண்ணி கலந்தது லெச்சுமி இல்ல. உப்பைக் கொட்டிக் கெடுத்தது நான். பழியை அவ மேல போட்டேன்."

ஒரே சிரிப்பு. பின்னால் யாரோ: "ராமையாண்ணே ஆரம்பிச்சுட்டாரு!" கங்காணிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "மிச்சத்தையும் சொல்லுய்யா!" என்றார். நான் "நெசமாத்தான்" என்றேன். இன்னும் சிரித்தார்கள். இந்தத் தோட்டத்தில் முப்பது வருடமாக நான்தானே இவர்களை என் பேச்சுக்குச் சிரிக்கப் பழக்கி வைத்தேன்.

லெச்சுமி மட்டும் சிரிக்கவில்லை. வாளியைக் கீழே வைத்தாள்.

"இன்னொரு தரம் சொல்லுங்கண்ணே."

சொன்னேன். மாரிமுத்துவின் பாலையும் சேர்த்துச் சொன்னேன். மழைத் தண்ணீர் என்று அவன் சொன்னதை நான் கேட்காததையும். தண்ணி என்று பேர் வைத்தது நான் என்பதையும். யாரும் சிரிக்கவில்லை. கங்காணி பேர்ப் புத்தகத்தைத் திறந்து, "லெச்சுமி" என்று மட்டும் கூப்பிட்டார்.

அவள் "ஆங்" என்று சொல்லும் முன்னே மழை கொட்டியது. பால் வெட்டில்லை இன்று.