கேட்காமலே போனவர்

அக்கா,

காலையில் மகள் ஆங்கிலச் சொற்களை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். 'மெடில்சம்' என்றால் அடுத்தவர் காரியத்தில் வலியப் போய்த் தலையிடுகிற குணமாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. பால் பொங்கி வழிந்ததைக்கூடப் பார்க்கவில்லை. கோவில்பட்டியில் நம் காம்பவுண்டே உங்களை அப்படித்தானே சொல்லும்!

தொண்ணூறுகளில், எனக்குப் பேசி முடித்த மாப்பிள்ளைக்குப் பசுவந்தனைப் பக்கம். வேலை தூத்துக்குடியில். பூ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். யாரும் கேட்காமலே, பக்கத்து வீட்டில் இருந்த நீங்கள் தீப்பெட்டி ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு அவர்கள் ஊருக்கு பஸ் ஏறினீர்கள். பொழுது சாயத் திரும்பி, நேராக எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னீர்கள்.

"அண்ணாச்சி, அந்தப் பையனுக்குத் தூத்துக்குடியில பொண்டாட்டி இருக்கா. கைப்பிள்ளையும் இருக்கு. அவிய ஊருக்கே தெரியுது, நமக்குத்தான் தெரியல."

"ஒன்ன யாரு போகச் சொன்னா? எம்பிள்ள வாழ்க்கையில மண்ணள்ளிப் போடுதியா?"

"போகச் சொல்ல ஆளில்லன்னுதான் நானே போனேன்."

அம்மா உங்கள் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள். எனக்கும் ஆத்திரம்தான், அவன் போட்டோவைத் தலையணைக்கடியில் வைத்திருந்தேன். அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் தூத்துக்குடிக்குப் போனார். வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல், "அவிய குடுத்த சேலையத் திருப்பி அனுப்பிரு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். உங்களிடம் யாரும் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. தெருக்குழாயடியில் 'கல்யாணத்தைக் கலைத்தவள்' என்றுதான் பேச்சு. நீங்களோ ஒன்றும் நடவாததுபோல ஜன்னலில் எட்டிப் பார்த்து, "ஏட்டி, சாப்ட்டியா?" என்றீர்கள்.

இப்போது எங்கள் எதிர்வீட்டுப் பெண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். கல்யாணம் பேசுகிறார்களாம். பதினைந்து வயது இருக்கும். "நமக்கெதுக்கு?" என்கிறார் என் வீட்டுக்காரர். நானும் சில நாட்களாக வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தேன். இன்று சாயங்காலம் பொறுக்கமாட்டாமல் தெருவைத் தாண்டிவிட்டேன்.

"பிள்ளைய ஏன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பல?"

"இதக் கேக்க நீங்க யாரு?" என்றார் அவள் அப்பா.

என் இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் வெடுக்கென்று ஏதாவது சொல்லியிருப்பீர்கள். உங்கள் வாய் எனக்கு வாய்க்கவில்லை, அக்கா. பொறுக்காத அந்த மனசு மட்டும்தான் ஒட்டிக்கொண்டது. அவர் வாசலை விட்டு நகராமல் நின்றேன்.

உள்ளேயிருந்து அந்தப் பெண் ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து எனக்குப் போட்டாள்.