கரும்புச் சோகைச் சுருட்டு

அன்புள்ள செந்தமிழ்ச்செல்விக்கு,

நான் நலம். உன் இருமல் குறைந்ததா? அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா?

இந்தத் துபாய் ஓட்டலில் என்னைச் சுருட்டு பரிமாறும் அறைக்கு மாற்றிவிட்டார்கள். போன வாரம் கையால் சுற்றிய உயர்ந்த ரகச் சுருட்டு ஒன்றைக் கொடுத்து, ருசி எப்படியென்று அங்கே வேலை செய்கிற எங்கள் எல்லோரையும் கேட்டார் மேனேஜர். நான் புகையை விழுங்கி இருமினேன். "இன்னாடா, பீடி மாதிரி உள்ள இழுத்துக்கினு இருக்கிற? வாயிலயே வெச்சி வுடு" என்று சிரித்தார் தியாகதுருகம் சுப்புராயன் அண்ணன். மற்றவர்கள் காபி, சாக்லேட் என்றார்கள். எனக்கு நம் கச்சிராயபாளையத்தில் வெட்டி முடித்த வயலில் காய்ந்த கரும்புச் சோகை கொளுத்தும் புகைதான் தெரிந்தது. சொல்லித் தொலைத்தேன்.

மேனேஜருக்கு ஒரே சந்தோஷம். அதையே விலை அட்டையில் அச்சடித்துவிட்டார். இப்போது வருகிறவனெல்லாம் கண்ணை மூடி, 'ஆஹா, கரும்புப் புகை' என்கிறான். அதில் உனக்கு நெஞ்சடைப்பது எவனுக்குத் தெரியும்? எனக்கோ இந்த வருஷமும் லீவு இல்லையாம்.

உன் தம்பி கவியரசன் அடுத்த மாதம் இங்கே வேலைக்கு வருகிறானே, அவனிடம் ஊறுகாய் கொடுத்தனுப்பு. கரும்பு வெட்டும்போது புடவைமேல் போட்டுக்கொள்வாயே, என் பழைய சட்டை, அதையும் கொடு.

டூட்டிக்கு வண்டி வந்துவிட்டது. சட்டையைத் துவைத்துவிடாதே.

பகலவன்