கல்லில் ஏறப்போகும் பெயர்

தம்பிக்கு,

மார்ச் ஒன்பது. இன்று எனக்கு எண்பத்தொரு வயதும் நான்கு நாளும்.

நம் ஊருக்கு முதலில் வந்த மிஷனரியின் பெயரைக் கல்லில் வெட்டி ஆலய வாசலில் நிறுத்தப்போகிறீர்கள். அடுத்த ஞாயிறு திரையை நான் விலக்க வேண்டுமாம். மறுத்தால், "அவரைக் கண்டுபிடிச்சதே நீங்கதானே அக்கா, இப்ப என்ன பிகு பண்றீங்க?" என்கிறாய்.

பிகு ஒன்றும் இல்லை. அவருடைய நாட்குறிப்பை ஒருமுறை திறந்து பாருங்கள் என்று உன் குழுவிடம் மூன்று தடவை சொன்னேன். "உங்க ஆய்வேட்டுலயே எல்லாம் இருக்கேம்மா" என்று கும்பிடு போட்டார் செயலாளர். அத்தனை பேரும் பட்டதாரிகள். ஒருவருக்கும் அட்டையைப் புரட்டக் கை வரவில்லை.

அவர் கிணறு வெட்டியது உண்மை. இரண்டு பிள்ளைகளைக் காலராவுக்குக் கொடுத்த மறுவாரமே பெண்களுக்குப் பள்ளி திறந்ததும் உண்மை. அவற்றைத் தாராளமாக வெட்டிக்கொள்ளுங்கள். பெயரை மட்டும் வெட்ட வேண்டாம். உன் பேரனுக்கு அதை வைத்துப் பூரித்தாயே, அன்றே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும்.

நாட்குறிப்பில் பெயர் இருந்த முதல் பக்கத்தைக் கரையான் தின்றிருந்தது. ஆய்வேட்டை ஒப்படைக்க இரண்டே நாள் இருந்தது. என் மேசைமேல் ஓர் இருமல் மருந்துப் புட்டி நின்றது. அதைத் தயாரித்தவரின் பெயரைத்தான் எழுதினேன்.

உன் அக்கா