என் தட்டில் ஏழு இலை

அன்புள்ள லெசியேலி,

நீ அனுப்பிய பட்டியலால்தான் எனக்கு ரத்தம் வந்ததா என்று கேட்டிருந்தாய். எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுத எனக்கு வராது. அந்த ஆறு வாரத்தில் இலை சாப்பிடுவதையும் நிறுத்தியிருந்தேன், நடுவில் காய்ச்சல் வந்து நான்கு நாள் சரியாகச் சாப்பிடவும் இல்லை, இதில் எது எவ்வளவு செய்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. இப்போது நன்றாக இருக்கிறேன், அப்பாவும் நன்றாக இருக்கிறார், டனீடின் குளிரில் நீயும் இரண்டு காலுறை போட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன். போனில் பேசினால் ஸ்பீக்கரில் போட்டு வீடே சுற்றி உட்கார்ந்துவிடுகிறது. இது உனக்கு மட்டும். புதன்கிழமை விமானத்தில் போகும் போதகரின் மகளிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நடந்தது உனக்கு முழுதாகத் தெரியாது. ரத்தத்தை உறையவிடாத மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஆகாத உணவுகள் என்று எங்கிருந்தோ எடுத்து அத்தையின் போனுக்கு அனுப்பினாய். நீ நல்லதுதான் நினைத்தாய். அத்தை அதைக் கடையில் கொடுத்துப் பெரிய எழுத்தில் அச்செடுத்து, மழை பட்டாலும் நனையாதபடி பிளாஸ்டிக் உறை போட்டு, என் சமையலறைக் கதவில் ஆணி அடித்து மாட்டிவிட்டார். முதல் வரியே பச்சை இலை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா குழியடுப்பைத் திறந்தபோது எல்லோருக்கும் சேம்பிலையில் கறி பொதிந்து சுட்ட லூ வந்தது, எனக்கு மட்டும் வேகவைத்த வள்ளிக்கிழங்கும் மீனும். அது போதாதென்று மாதர் சங்கத்தில் அறிவித்தும்விட்டார். அதன்பிறகு யார் வீட்டுக்குப் போனாலும் சூப்பில் கிடக்கும் கீரையைக்கூடக் கரண்டியால் ஒதுக்கிவிட்டுத்தான் எனக்கு ஊற்றினார்கள். சேம்பிலையும் தேங்காய்ப்பாலும் இல்லாத ஞாயிற்றுக்கிழமை எனக்கு நினைவு தெரிந்து இருந்ததில்லை. ஊரே என்மேல் வைத்த அன்பால் என் தட்டைக் காலி செய்தது.

நான் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று நீ கேட்க மாட்டாய், அத்தை யார் என்று உனக்குத் தெரியும். என்றாவது உன் கல்யாணம் நடந்தாலும் மரியாதைக்கு விரிக்கும் முதல் பாய் அவருக்குத்தான். அப்பாவின் அக்கா சொல்லிவிட்டால் போதகரே எதிர்ப்பேச்சு பேசுவதில்லை, வந்த மருமகள் என்ன பேசுவது. ஆனால் அது சாக்கு. சுவாவில் அறிவியல் படித்தவள், இருபத்து மூன்று வருடமாகப் பெண்பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவள், ஒரு சோதனையில் ஒன்றை மாற்றினால் இன்னொன்று மாறும் என்று கரும்பலகையில் எழுதிப் போடுகிறவள், ஆஸ்பத்திரிக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் ஆறு வாரம் இலையை விட்டேன். தப்பு உன்னுடையது அல்ல, அத்தையுடையதும் அல்ல, என்னுடையது.

ஒரு காலை பல் தேய்க்கும்போது ஈறில் தொடங்கிய ரத்தம் பள்ளி மணி அடித்தும் நிற்கவில்லை. அத்தைதான் வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார், அதை நான் மறக்க மாட்டேன். ரத்தம் உறைவதைக் காட்டும் என் பரிசோதனை எண் இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் இருக்க வேண்டும், அதற்குக் கீழே போனால் இதயத்தில் வைத்த வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளும், மேலே போனால் இப்படி ஒழுகும். அன்று ஆறைத் தாண்டியிருந்தது. நர்ஸ் ஹெய்லாலா, என்னிடம் படித்த பெண்தான், சாப்பாட்டில் ஏதாவது மாற்றினீர்களா டீச்சர் என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை, "ஒரு இலைகூட உள்ள போகல, நான் பாத்துக்கிட்டேன்" என்று பெருமையாகச் சொன்னார். அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். அத்தையின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வாள், தன் முன்னால் இருந்த பதிவேட்டைப் பார்த்துச் சொன்னாள், "மாத்திரை அளவே டீச்சர் சாப்பிடுற இலையையும் கணக்குல வெச்சுப் போட்டதுதான். இலை மாத்திரையை அடக்கிவைக்கும். இலையை எடுத்துட்டா மாத்திரை ஓங்கிடும்." டாக்டர் மாத்திரையை இரண்டு நாள் நிறுத்தச் சொன்னார், பிறகு பழைய அளவே, பழைய சாப்பாடே, ஆனால் வாரா வாரம் ஒரே மாதிரி, கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம் என்றார். அத்தை காதில் எதுவும் விழாத மாதிரி குடையை விரித்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அந்த ஞாயிறு நான் விடியும் முன் எழுந்து என் பொதியை நானே கட்டினேன். நடுத்தர அளவில் ஏழு இலை, கொஞ்சம் ஆட்டுக்கறி, வெங்காயம், தேங்காய்ப்பால், அடையாளத்துக்கு மேலே சிவப்பு நூல். சாப்பிட உட்கார்ந்ததும் அத்தை வழக்கம்போல மீனை என் பக்கம் தள்ளினார். நான் எட்டிச் சிவப்பு நூல் பொதியை எடுத்தேன். "கலோலைனே, அது உனக்கில்ல" என்றார். எனக்குத்தான் அண்ணி, ஏழு இலை, நானே எண்ணிக் கட்டினது என்றேன். "யாரைக் கேட்டு?" டாக்டரைக் கேட்டு. "அப்ப நான் யாரு?" நீங்க சொன்னீங்கன்னுதான் ஆறு வாரம் தொடல அண்ணி, ரத்தம் என் வாயிலதானே வந்துச்சு என்றேன். குரலை உயர்த்தவில்லை. உன் அப்பா தேங்காய்ப்பாலில் ஏதோ விழுந்துவிட்ட மாதிரி அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பெனி சித்தப்பாதான், "இலையை எண்ணுன டீச்சர் கறியை எண்ணல பாத்தியா" என்றார், யாரும் சிரிக்கவில்லை. நான் முழுதையும் சாப்பிட்டேன். அவ்வளவு நல்ல லூவை நான் சாப்பிட்டதில்லை.

அத்தை அன்று எழுந்து போனவர் இந்த மூன்று ஞாயிறும் நம் பந்திக்கு வரவில்லை. நாளை எனக்கு ரத்தப் பரிசோதனை. எண் சரியாக வராவிட்டால் உன்னைத் திரும்பி வரச் சொல்லி அம்மாவைக் காவல் காக்க வைக்கப்போவதாக மாதர் சங்கத்தில் சொல்லியிருக்கிறார். இதற்காகத்தான் இந்தக் கடிதம். அவர் கூப்பிட்டால் உன்னால் மாட்டேன் என்று சொல்ல முடியாது, எனக்குத் தெரியும், அதனால் உனக்குப் பதில் நான் சொல்கிறேன். நீ வரக்கூடாது. எண் எதுவாக வந்தாலும் வரக்கூடாது. படிப்பில் இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது. ஒரு எண் தப்பினால் டாக்டர் மாத்திரையைக் கூட்டுவார் குறைப்பார், அதற்கு ஒரு மகள் கடல் தாண்டி வர வேண்டியதில்லை. அத்தை கேட்டால் அம்மா தடுத்துவிட்டாள் என்று சொல், பழி என்மேல் இருக்கட்டும், மூன்று வாரமாகச் சுமந்து பழகிவிட்டது. பட்டியல் இன்னும் கதவில்தான் தொங்குகிறது. அவர் மாட்டியதை நான் கழற்றவில்லை, அதன்படி நடக்கவும் இல்லை.

எனக்குப் பட்டியல் அனுப்பத் தெரிந்தவள் உன் இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்குவதாகப் போன மாதம் நீயே சொன்னாய். தேநீர் அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாது. தண்ணீரில் விழுங்கு, கூட ஒரு ஆரஞ்சுப்பழம் சாப்பிடு, தேநீருக்கு இரண்டு மணி நேரம் பொறு. நான் சொன்னேன் என்று நம்பாதே, மருந்துக்கடையில் கேள், நீ தினமும் என்ன சாப்பிடுகிறாய் என்பதையும் மறைக்காமல் சொல். நான் செய்யாததை நீ செய்.

கடவுள் உன் கூடவே நடக்கட்டும், உன் ரத்தமும் புத்தியும் சீராக ஓடட்டும். அறை ஜன்னலின் உடைந்த தாழ்ப்பாளை மாற்றச் சொல்ல மறக்காதே.

உன் பிடிவாதக்கார அம்மா,
கலோலைனே

திங்கள் மாலை. உறையை ஒட்டவில்லை, அதனால் இதையும் எழுதிவிடுகிறேன். காலையில் நான் போனபோது அத்தை எனக்கு முன்பே ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என் எண் மூன்று புள்ளி நான்கு. மயிரிழைதான், ஆனால் கோட்டுக்கு உள்ளே. ஒரு எண்ணை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று ஹெய்லாலாவிடம் சொன்னேன், அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அத்தை என்னோடு வீடு வரை வந்தார், சமையலறைக்குள் போய்ப் பேனா கேட்டார், பட்டியலை உறையிலிருந்து எடுத்து முதல் வரியை அடித்துவிட்டுப் பக்கத்தில் பெரிதாக, ஞாயிறு எட்டு இலை, என்று எழுதித் தன் பெயரையும் போட்டார், தோகிலுபே. நான் பேனாவை வாங்கி எட்டை அடித்து ஏழு என்று எழுதினேன். அத்தை பட்டியலை மறுபடி உறைக்குள் செருகினார். பிறகு வாசல் பக்கம் திரும்பி அப்பாவை அதட்டினார், "செமிசி, இவளுக்கு ஏழு இலைதான். ஒண்ணு கூடுச்சு, உன்னைத்தான் கேப்பேன்."