கார்பனுக்குக் கை தூக்கிய கதை

ஓசூர்
20.9.2008

அன்பு மகள் பொற்கொடிக்குச் சித்தப்பா எழுதுவது. இங்கே நானும் உன் சித்தி ஜோதியம்மாளும் சுகம், முட்டிவலி மட்டும் அப்பப்போ வந்து என்னை விசாரித்துவிட்டுப் போகிறது. சூரத்தில் நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் அதேபோல் சுகமாக இருக்க வேண்டும்.

போனில் சொன்னால் அழுவாய், அதான் கடிதம். நம் வேனைக் கொடுக்கப்போகிறேன் அம்மாடி. உங்கப்பா தவறின வருஷம் வாங்கி, பின்னாடி உன் பேரை மஞ்சள் பெயிண்டில் எழுதினேனே, அதே வேன்தான். நகராட்சியும் கம்பெனிக்காரர்களும் சேர்ந்து மண்டபத்தில் கூட்டம் போட்டு, கம்பெனிக்கு ஆள் ஏற்றும் எங்களை மாதிரி வேன்காரர்களையும் கூப்பிட்டார்கள். ஆயிரம் பேர் இருக்கும், சித்தி அறுபது என்பாள், நம்பாதே. ஒரு அதிகாரி ஊர் சூடாகிறது, கார்பனைக் குறைக்கணும் என்று பாதி இங்கிலீஷில் பேசினார், அதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. முதலில் யார் குறைக்கிறீங்க என்றார், ஒருத்தனும் அசையவில்லை. ட்ரிப் ஷீட்டுக்கு நடுவில் வைத்து எழுதுவோமே, அந்த நீலத்தாளைச் சொல்கிறார் என்று நினைத்து நான் கை தூக்கி எழுந்து மைக்கை வாங்கி, "நாளையிலிருந்து என் வண்டியில கார்பனே கிடையாது சார்" என்றேன். மண்டபமே கை தட்டியது, மாலையும் விழுந்தது. பக்கத்து வேன்காரன் கங்கப்பன்தான் காதோரமாக, "வேனைக் குடுத்துட்டு என்னண்ணா பண்ணுவே?" என்று கேட்டான். கம்பெனிக்கு ஒரு டீசல் வேன் என்று ஓடாமல், ஒரே வழியில் போகிறவர்களுக்கெல்லாம் பொதுவாக ஒரு பஸ், அதுதான் ஏற்பாடாம்; கார்பனைக் குறைக்கிறேன் என்றால் வேனைக் கொடுக்கிறேன் என்று அர்த்தமாம்.

மறுநாளே போய் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம், கிளம்பவும் செய்தேன். வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் உன் பள்ளிக்கூட நாள் ஞாபகம் வந்துவிட்டது. காலையில் என்ன பனி அப்போது, எதிரே நின்ற யானைக்கே ஹாரன் அடித்து வழி வாங்கினவன் நான். நீ ஸ்வெட்டருக்குள் சுருண்டுகொண்டு கண்ணாடியில் படிந்த பனியில் விரலால் அப்பா அப்பா என்று எழுதுவாய், இறங்குவதற்குள் அழிந்துவிடும், மறுநாள் மறுபடி எழுதுவாய். இப்போது மார்கழியிலும் அந்தக் கண்ணாடி பனி படியாமல் சும்மாவே கிடக்கிறது. என் வண்டிப் புகைக்கும் அதில் பங்கு இருக்குமோ என்னமோ, கிளம்பினவன் இறங்கிவிட்டேன்.

பொது பஸ்ஸை ஓட்ட என்னையே கேட்டிருக்கிறார்கள், வேறு ஆள் ஏது. ஆனாலும் வேனில் இருப்பது உன் பேர், நீ வேண்டாம் என்று ஒரு வார்த்தை எழுதினால் மாலையைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். சரி என்றால் ஆயுதபூஜைக்குப் பொட்டு வைத்து அனுப்பிவிடலாம், பேர் எழுதின கதவு மட்டும் நம் வீட்டுக்கு வரும். ஊரில் யார் கேட்டாலும் சித்தப்பா தெரிந்தேதான் கை தூக்கினார் என்று சொல்.

மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு, சின்னவளுக்கு முத்தம். மூணு பேரும் குறைவில்லாமல் நல்லா இருங்கள். பதில் போட மறக்காதே. மிச்சமிருந்த கார்பன் தாளை வைத்துத்தான் இதை எழுதுகிறேன், மேல் தாள் உனக்கு. உன் பதில் வருகிறவரை அடித்தாளை நான் படித்துக்கொண்டிருப்பேன்.

உன் சித்தப்பா
சென்றாயன்