சம்பந்தி வீட்டுக்கு ஏறும் படி

ஜூன் 9, ஞாயிறு

காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இவர் அறிவித்தார்: "பின்னாடி மலையில கல்லுப்படி கட்டப்போறேன்."

எதற்கு என்று கேட்டேன்.

"மேல இருக்கே செம்பருத்தி, அதுக்கு யாரு தண்ணி விடறது?"

செம்பருத்திக்கு! இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளாக அது மழையைக் குடித்துத் தானாக வளர்கிறது. இவர் ஒரு நாளும் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை. செம்பருத்திக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியும், இவருக்கும் தெரியும். சம்பந்தி சிட்டிபாபு வீட்டுப் பின்சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் எங்கள் பெண் சுப்ரஜா.

எங்கள் தோட்டம் பாதிக்குமேல் மலைதான். மனையை விற்றவர் சிட்டிபாபுவின் அப்பா. "நல்லா காத்து வரும் சாமி" என்றார். காற்றோடு பாறையும் வரும் என்று சொல்லவில்லை. அவருடைய பேரன் தினகரன் மேலே நின்றுகொண்டு எங்கள் பெண்ணைப் பார்ப்பான் என்றும் சொல்லவில்லை.

இரண்டு வருஷம் முன்பு ரிஜிஸ்தர் ஆபீஸில் கல்யாணம். இவர் ரிசப்ஷனுக்கு வந்தார், மேடை ஏறினார், போட்டோவுக்குச் சிரிக்காமல் நின்றார், இறங்கினார். அதோடு சரி. பெண்ணோடு போனில் "சாப்பிட்டியா" என்கிற அளவுக்குத்தான் பேச்சு. சம்பந்தி வீட்டு வாசலை மிதித்ததில்லை. நான் மட்டும் சானடோரியம் பக்கம் மெயின் ரோட்டுக்கு இறங்கி, ஆட்டோ பிடித்து, மலையைச் சுற்றிக்கொண்டு போய் வருகிறேன். எனக்கு அலைச்சல் வேண்டாம் என்று சுப்ரஜா அவ்வப்போது சுவரிலிருந்து கயிற்றில் வாளி இறக்குவாள். நேற்று பலாச்சுளை வந்தது, சம்பந்தியம்மா ஜெயக்கொடி கொடுத்தனுப்பியது. இவர் "எனக்கு வேண்டாம்" என்றார். சாயங்காலம் பார்த்தால் பாத்திரம் காலி. எங்கள் வீட்டில் பூனை கிடையாது.

ஜூன் 12

டிராயிங் தயார். ரயில்வே டிராயிங் ஆபீஸில் உத்தியோகம் பார்த்தவர் இல்லையா, கலர் பென்சில்கூட உண்டு. படி நேராகக் கிளம்பி, நடுவில் உள்ள பெரிய பாறையைக் கண்டதும் இடதுபக்கம் வளைந்து, அதைப் பாதி சுற்றிக்கொண்டு மேலே போகிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. முடிகிற இடத்தில் "செம்பருத்தி" என்று எழுதியிருக்கிறார். ஆனால் கோடு செம்பருத்தியைத் தாண்டிச் சுவர்வரை போயிருக்கிறது.

பேசாமல் இருந்துவிட்டேன். பெரிய தியாகம்.

ஜூன் 23

மேஸ்திரி பென்னி வந்தார். டிராயிங்கைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "சூப்பர் சார். ரெண்டே வாரம், முட்ச்சிக் குட்துடறேன்" என்றார். லாரியில் கருங்கல் வந்து வாசலை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. பால்காரர் ஏறிக் குதித்து வருகிறார்.

ஜூலை 2

பென்னி வரவில்லை.

ஜூலை 3

போன் செய்தோம். "தோ, பல்லாவரத்துல கீறேன் சார். வந்துனே கீறேன்." பின்னால் யாரோ "பாண்டி! பாண்டி!" என்று பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுகிறார்கள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் வேலை பார்த்த காது இது. என்னிடமா?

ஜூலை 14, ஞாயிறு

இனி பென்னியை நம்பிப் பிரயோஜனமில்லை என்று இவரே கடப்பாரையைத் தூக்கினார். நாலு குத்துக்கு ஒரு தரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்க்கிறார், மழை வருமா என்று பார்ப்பதுபோல.

மேலே சுவரில் ஒரு தலை முளைத்தது. சிட்டிபாபு.

"இன்னா சம்பந்தி, மலைய கொத்தினு கீறீங்க?"

இவர் நிமிரவே இல்லை. "செம்பருத்திக்குத் தண்ணி விடணும்."

"அதுக்கா? அதான் தெனம் நா ட்யூப்ல ஊத்தினு கீறேனே!"

இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நான் துணி உலர்த்தும் சாக்கில் வேஷ்டிக்குப் பின்னால் போய் நின்று சிரித்தேன்.

சிட்டிபாபு விடவில்லை. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சுவரேறிக் குதித்து, பாதி தூரம் நடந்தும் மீதி தூரம் சறுக்கியும் கீழே வந்தார். டிராயிங்கைப் பார்த்தார்.

"இன்னாத்துக்கு வளைக்கறீங்க? நேரா வுட்டா சட்டுனு ஏறிடலாமே."

"நடுவுல பாறை இருக்கு."

"மிஷினு வெச்சி ஒடச்சிட்டா போச்சு."

"பாறையை உடைச்சா உங்க சுவர் ஆடும்."

"ஆடினா ஆடட்டும். நம்ப சொவருதானே."

"நம்ப" என்ற சொல்லைக் கேட்டதும் இவர் கடப்பாரையை அவர் பக்கம் நீட்டினார். மத்தியானம்வரை இருவரும் சேர்ந்து மண் வெட்டினார்கள். பேசியது மொத்தம் "அந்தண்ட", "இந்தப் பக்கம்", "மெதுவா". நான் மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். யார் முதலில் டம்ளரை எடுப்பது என்று அதற்கும் ஒரு சம்பந்தி மரியாதை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

அடிப்பக்கம் முடிந்து வளைவு தொடங்கியாயிற்று. இவர் ஒவ்வொரு கல்லுக்கும் ரசமட்டம் வைத்து, நூல் கட்டி, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்க்கிறார். சிட்டிபாபு இரண்டு கண்ணையும் திறந்து பார்த்து "கரீட்டா கீது" என்கிறார். பலன் என்னவோ ஒன்றுதான். சிட்டிபாபு வைத்த ஒரு கல் சாய்கிறது, இவர் வைத்த ஒரு கல் ஆடுகிறது. நான் இரண்டிலும் ஏறி இறங்கிப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னேன். இருவரும் சேர்ந்து என்னை முறைத்தார்கள். அவர்கள் ஒற்றுமையாகச் செய்த முதல் காரியம்.

சுப்ரஜா சுவர்மேல் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். இவர் திடீரென்று தலையைத் தூக்கி, "வெய்யில்ல உக்காராதே, தலைவலி வரும்" என்றார்.

இரண்டு வருஷத்தில் நேருக்கு நேர் சொன்ன முதல் வார்த்தை. அவள் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டாள், ஆனால் இறங்கிப் போகவில்லை. எனக்குக் கண்ணில் சிமெண்ட் தூசி விழுந்துவிட்டது. அப்படித்தான் சொன்னேன்.

செப்டம்பர் 8

வளைவு பாறையைச் சுற்றி வந்துவிட்டது. சுவர் இன்னும் கொஞ்ச தூரம்தான். இவர் இப்போது "செம்பருத்தி" என்ற பேச்சையே எடுப்பதில்லை. நானாக எடுத்தால், "உனக்கு வேற வேலை இல்லையா?" என்கிறார்.

அக்டோபர் 16

நேற்றிலிருந்து மழை விடவில்லை. முடிச்சூர் பக்கம் தெருவெல்லாம் தண்ணீர் என்றார்கள். காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன், பின்பக்கம் லாரியிலிருந்து கல் கொட்டுவதுபோல் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் வளைவு இல்லை. பாறை நிற்கிறது, அதைச் சுற்றி வெறும் சேறு. கல்லெல்லாம் உருண்டு கீழே வந்து, துவைக்கிற கல் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. தினம் அந்த நேரத்துக்கு அங்கேதான் உட்கார்ந்து துவைப்பேன். மழை என்பதால் இன்று போகவில்லை.

சிட்டிபாபு குடையோடு இறங்கி வந்தார். இவர் நனைந்தபடி நின்றுகொண்டிருந்தார். எனக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்கிற பயம் இவருக்குக் கோபமாகத்தான் வரும். வந்தது.

"மொட்டைமாடித் தண்ணி மொத்தமும் இந்தப் பக்கம்தானே விட்டிருக்கேள்? அதான் இடிஞ்சது."

"நேரா கட்டிருந்தா தண்ணியும் நேரா பூட்ருக்கும். நீங்கதான் வளைச்சி வளைச்சி..."

"நேரா! நேரான்னா என்னன்னு உங்களுக்குத் தெரியுமா? என் பொண்ணை எங்காத்துக்கு நேரா வந்து கேட்டேளா?"

சிட்டிபாபு மெதுவாகத்தான் சொன்னார்.

"கேட்டிருந்தா குட்துருப்பீங்களா, சார்?"

சார். சம்பந்தி இல்லை, சார்.

குடையை மடக்காமல் அப்படியே சேற்றில் ஏறிப் போனார். அப்போதுதான் மேலே பார்த்தேன். சுவரோரம் சுப்ரஜா நின்றிருந்தாள். எப்போதிலிருந்து நிற்கிறாள்? எல்லாம் கேட்டிருப்பாளோ?

அக்டோபர் 17

இவர் சாப்பிடல. எனக்கும் வேண்டியிருக்கல. சிரிச்சுண்டே இருந்தேனே, எல்லாம் தானா சரியாயிடும்னு — என்ன சரியாச்சு? கல்லு மட்டும்தான் கீழ வந்து கிடக்கு.

அக்டோபர் 30

தீபாவளிக்கு முதல் நாள். இந்த வருஷம் மேலிருந்து எதுவும் இறங்கவில்லை. நான் செய்த திரட்டுப்பாலும் மேலே போகவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

சுப்ரஜா வாசல்வழியாக வந்தாள், ஆட்டோவில். வீட்டுப் பெண் காலிங்பெல் அடிக்கிறாள்.

தினகரனுக்கு ஹைதராபாத்தில் வேலை. இவளுக்கும் அங்கேயே மாற்றல் கிடைத்துவிட்டது. "பொங்கல் முடிஞ்சதும் போறோம்மா. நல்ல ஆஃபர், விட முடியாது." என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். உள்ளறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார்.

"என்னிக்கு?"

"ஜனவரி கடைசிக்குள்ளப்பா."

"சரி."

அவள் போன பிறகு பின்பக்கம் போய்க் கல்குவியலைப் பார்த்துக்கொண்டு நின்றார். யாருக்காகக் கட்டினாரோ அவளே போகப்போகிறாள். ஏதாவது கேலி செய்து இவரை உள்ளே கூட்டி வரலாமென்று வாயைத் திறந்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. பக்கத்தில் போய் நானும் நின்றேன்.

நவம்பர் 11

காலையிலேயே குளித்து, சலவை வேஷ்டி கட்டி, டிராயிங்கைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இவரே தெருமுனைக்குப் போய் ஆட்டோ கூப்பிட்டார்.

"எங்கே?"

"ஒரு வேலை இருக்கு."

"நானும் வரட்டுமா?"

"வேண்டாம்."

மற்றதெல்லாம் ஜெயக்கொடி போனில் சொன்னது. கேட் திறந்தே இருந்ததாம், இவர் உள்ளே வராமல் வெளியில் நின்று பெல் அடித்தாராம். சிட்டிபாபு துண்டோடு ஓடிவந்து "உக்காருங்க" என்றாராம். இவர் உட்காரவில்லையாம்.

"இன்னா சொன்னாரு தெரிமா சம்பந்திம்மா? 'நீங்க கேட்டது சரிதான். கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேன்' அப்டின்னாரு. அப்றம் அந்த பேப்பர தரையில விரிச்சு, 'தண்ணி போறதுக்கு வழி விடாம வரைஞ்சுட்டேன், தப்பு என்னோடது. இங்க ஒரு கால்வா விடணும்'னாரு. இவரு உடனே குனிஞ்சு பாத்து, 'வுட்டுடலாம் சம்பந்தி'ன்னுட்டாரு."

"சுப்ரஜா?"

"அது கிச்சன்ல நின்னுகினு அழுதுச்சு. அவங்கப்பா காபி கேட்டாரா, கண்ண தொட்ச்சினு போட்டாந்து குட்துச்சு. சக்கர போட மறந்துச்சு. அவரு ஒண்ணும் சொல்லாம குட்ச்சாரு."

நான் போடுகிற காபியில் ஒரு சிட்டிகை சர்க்கரை குறைந்தால் என்னை என்ன பாடு படுத்துகிற மனுஷர்!

டிசம்பர் 12

மீண்டும் மழை. வளைவு பாதிக்குமேல் எழும்பிவிட்டது. மாடித் தண்ணீருக்குத் தனிக் குழாய், கல்லுக்குப் பின்னால் கால்வாய். சம்பந்திகள் இருவரும் ஒரே குடைக்குள் நின்று, காகிதக் கப்பல் விட்ட பிள்ளைகளைப்போல் தண்ணீர் போகிற வழியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கல்லும் அசையவில்லை.

பென்னி போன் செய்தார். நாளைக்குக் கண்டிப்பாக வந்துவிடுவாராம்.

டிசம்பர் 29, ஞாயிறு

சுவரில் வழி திறந்தாயிற்று. பாறைக்குக் கிடைக்காத மிஷினைச் சிட்டிபாபு சுவருக்கு வரவழைத்துவிட்டார். ஆசை தீர உடைத்தார். சின்னதாக ஒரு கேட் போடலாமா என்று இவர் கேட்டதற்கு, "கேட்டு எதுக்கு? பூட்றதுக்கா?" என்றார். கேட் இல்லை.

ஜனவரி 19, ஞாயிறு

கிளம்பிவிட்டார்கள். கார் மேல்தெருவில் நின்றது. சுப்ரஜா கடைசியாக ஒரு தரம் படியிறங்கி இங்கே வந்து, பெருமாளைச் சேவித்து, எனக்கும் இவருக்கும் நமஸ்காரம் பண்ணினாள். இவர் அவள் கையைப் பிடித்து மேலே அழைத்துப் போனார். நான் பின்னால்.

"பாத்து. இந்தப் படி ஆடும்."

"தெரியும்ப்பா. நீங்க வச்சதுதானே."

வளைவில் இருவரும் கொஞ்சம் நின்றார்கள். மூச்சு வாங்கத்தான் என்றார் இவர். இருக்கும்.

பிப்ரவரி 2, ஞாயிறு

வீடு ரொம்ப நிசப்தமாக இருக்கிறது. மேலேயும் அப்படித்தானாம். ஜெயக்கொடி கீரையோடு இறங்கி வந்தாள், இரண்டு பேரும் ஆய்ந்தோம். கீரை ஒரு கட்டுதான். பேச்சு முடிய விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டது.

பிப்ரவரி 23, ஞாயிறு

மத்தியானம் சுப்ரஜா வீடியோவில் வந்தாள். ஹைதராபாத்தில் வெயில் ஆரம்பித்துவிட்டதாம். தினகரன் சாம்பார் வைக்கக் கற்றுக்கொண்டானாம், மூன்று நாளாக அதே சாம்பாராம். எல்லாம் பேசிவிட்டு, "அப்பாகிட்ட குடும்மா" என்றாள்.

காலையில் பேப்பரோடு மேலே போனவர், இன்னும் இறங்கவில்லை. பின்பக்கம் போய், "ஏன்னா!" என்று ஒரு குரல் கொடுத்தேன். வளைவின் உச்சியில் சிட்டிபாபு வந்து நின்று, வாயில் விரல் வைத்தார்.

"கத்தாதீங்க சம்பந்திம்மா. சம்பந்தி சாப்ட்டு தூங்கினு கீறாரு. எயுப்பட்டா?"

போனில் சுப்ரஜா, "என்னம்மா, யாரு? அப்பா எங்க?" என்றாள்.

"தூங்கறாராம்டி."

"உள்ளயா?"

"இல்ல. உங்காத்துல."

திரையில் அவள் முகம் போனுக்குக் கிட்டே வந்தது.

"எழுப்பாதேம்மா" என்றாள்.

சிட்டிபாபுவிடம் வேண்டாமென்று கையைக் காட்டினேன். உள்ளே வந்து அடுப்பை அணைத்தேன். எனக்கு ஒருத்திக்கு எதற்கு இத்தனை வத்தக்குழம்பு? தூக்கில் ஊற்றிக்கொண்டு, புடவையைச் சற்றே தூக்கிச் செருகிக்கொண்டு, நானும் மேலே ஏறினேன்.